அம்மா துலக்காத மெட்டி

ஐப்பசி 3, திங்கள்

பகல் முழுக்க மேகம். மழை இல்லை. சிறுமலைப் பக்கம் மட்டும் இருட்டிக்கொண்டு நின்றது. புதன்கிழமை கெமி. டெஸ்ட். ஒரு வரியும் ஏறவில்லை.

அம்மா வேலை பார்க்கும் தோல் பதனிடும் ஷாப்பில் இன்று விஷவாயு. தோலில் முடி எடுக்கிற சுண்ணாம்புக் குழித் தண்ணீர் போகிற வாய்க்காலிலேயே யாரோ ஆசிட் டிரம்மையும் கழுவி ஊற்றிவிட்டார்களாம். ஷெட்டில் தரை கழுவிக்கொண்டிருந்த பெண்கள் எல்லோருக்கும் தலைசுற்றல். பக்கத்து வீட்டுப் பாக்கியம் அத்தை உள்ளேயே விழுந்துவிட்டாள். அம்மாதான் இழுத்து வந்து வேப்பமரத்தடியில் போட்டாளாம். ஆளுக்கொரு சோடா. அப்புறம் வீட்டுக்குப் போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

வந்ததும் அம்மா கால் கழுவினாள். நான் தண்ணீர் ஊற்றினேன். மெட்டி கறுப்பு. கொலுசும் கறுப்பு. காலையில் வெள்ளையாகப் போனவை. கரி பூசியது போல இல்லை, உள்ளே இருந்தே கறுத்து வந்தது போல. ஓரத்தில் மட்டும் மயில்கழுத்து நீலம். அழகாக இருந்தது. அதனாலேயே அதிகப் பயம்.

"அழுக்காம்மா?"

"தேச்சுப் பாத்தேன் ஆத்தா. போகல."

அம்மாவின் செல்லும் போய்விட்டது. சார்ஜ் ஏறவில்லை. அப்பா சொன்னது: "வெளிய எவர்கிட்டயும் மூச்சு விடாதீங்க. ஷாப்பு வீட்டுல குடியிருக்கோம்." இந்த லைன் வீடுகள் எல்லாமே ஷாப்புக்குச் சொந்தம். அதனால் இங்கே மட்டும் எழுதுகிறேன். போர்வைக்குள், அப்பாவின் செல் வெளிச்சத்தில். குறட்டை நின்றால் அணைக்க வேண்டும்.

ஐப்பசி 4, செவ்வாய்

வெயில். துணி காய்ந்தது.

வெள்ளி எதனால் கறுக்கும் என்று கெமி. மிஸ்ஸிடம் பொதுவாகக் கேட்பது போலக் கேட்டேன். அழுகின முட்டை நாற்றம் அடிக்கிற ஒரு வாயு, அதனால்தான் என்றார். அளவு கூடினாலோ, நாளெல்லாம் அதிலேயே நின்றாலோ நாற்றமே தெரியாதாம். மூக்கு மரத்துவிடுமாம். அதற்கப்புறமும் உள்ளேயே நின்றால் ஆள் பிழைப்பது கஷ்டம் என்று சொல்லிவிட்டு கரும்பலகையைத் துடைத்தார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன், நாற்றம் அடித்ததா என்று.

"மொதல்ல கொடலப் பெரட்டுச்சு. பெறகு நின்னுருச்சு. சரி, கேஸு போயிருச்சுன்னு நெனச்சுத்தான் பாக்கியத்தத் தூக்க உள்ள போனேன்."

வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள். நான் அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்றம் நின்றதும்தான் உள்ளே போயிருக்கிறாள். மிஸ் சொன்னதை அவளிடம் சொல்லவில்லை.

சாயங்காலம் மேனேஜர் சார் லைனுக்கே வந்தார். வீணாய்ப்போன சாமான்களுக்கு நட்டஈடு கேட்டு எல்லாரும் காலையில் அவர் ரூம் முன்னால் நின்றிருக்கிறார்கள். அதற்குப் பதில்: "வெள்ளிப் பட்டறை ஆள வரச் சொல்லியிருக்கேன். வியாழக்கிழமை கேட்டுப் பக்கத்துல உக்காந்து எல்லாத்தையும் ஓசியில துலக்கித் தருவாரு. செல்லும் ரிப்பேர் பண்ணித் தாரோம். அதோட பேச்சு முடிஞ்சுது."

எல்லோர் முகத்திலும் சிரிப்பு. வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது காலில் கறுத்த மெட்டி இருக்கக்கூடாது என்பதுதான் அவர்களுக்குப் பெரிய கவலை. கழற்றவும் கூடாது. புருஷனுக்கு ஆகாது.

அம்மா மட்டும், "எனக்குத் துலக்க வேணாம் சார். புதுசு வாங்கித் தாங்க."

"துலக்குனா புதுசு மாதிரி ஆயிரும்மா."

"ஆயிரும் சார். அதுக்குத்தான் வேணாங்கறேன். கேஸால கெட்டுப் போச்சுன்னு சொல்லி, அதுக்குண்டான நட்டத்தத் தாங்க."

"ஒரு சோடி மெட்டிக்கு இம்புட்டு வக்கீல் பேச்சா?" சிரித்தார். போகும்போது எங்கள் வீட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்தார். "வீடெல்லாம் வசதியா இருக்குல்ல?"

அம்மா "இருக்கு சார்" என்றாள். அவ்வளவுதான்.

ஐப்பசி 5, புதன்

டெஸ்ட் சுமார். ஹால் டிக்கெட் போட்டோ எடுக்க வேண்டும். பேனா ரீஃபில்.

காலையில் சண்டை.

அப்பா: "நான் உசுரோட இருக்கையில கருத்த மெட்டியோட திரியுற. எனக்கு நாள் குறிச்சிட்டியா?"

அம்மா: "கருத்தது மெட்டி. நீங்க நல்லாத்தான இருக்கீங்க. இப்பத்தான தோசைக்கு வெஞ்சனம் பத்தலன்னு சத்தம் போட்டீங்க."

அப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்கத் தன் லோடு ஆட்டோவைத் துடைக்கப் போய்விட்டார்.

ஐப்பசி 6, வியாழன்

பட்டறை ஆள் வந்து போயாயிற்று. பாக்கியம் அத்தை பாவாடையைத் தூக்கிக் காலைக் காட்டினாள். கண் கூசும் வெள்ளை.

"ஒரு டப்பால முக்கி எடுத்தான் மதினி, பளிச்சுன்னு ஆயிருச்சு. நீயும் நீட்டியிருக்கலாம்ல."

லைன் முழுக்க வெள்ளைக் கால்கள். அம்மா கால் மட்டும் கறுப்பு. மேனேஜர் சொன்னாராம்: "ஒருத்தி காலு மட்டும் கருத்திருந்தா, அது அந்தக் காலோட கோளாறு." பா. அத்தை இதைச் சொல்லும்போது அவளும் சிரித்தாள். தன்னை இழுத்துப் போட்டது யார் என்பதை இவள் மறந்துவிட்டாளா?

அம்மாவிடம் கெஞ்சினேன். துலக்கிடும்மா, வீட்டைக் காலி பண்ணச் சொல்லிடுவாங்க. அவள் என் தலையில் எண்ணெய் வைத்தாள். அவள் விரல் நடுங்கியது என் மண்டையில் தெரிந்தது. அம்மாவுக்கும் பயம் உண்டு என்பது எனக்கு இன்றுதான் தெரியும். பயந்துகொண்டே இப்படி இருக்க முடியுமா?

ஐப்பசி 7, வெள்ளி

நல்ல மழை. சைக்கிள் செயின் கழன்றது.

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

வேலை விட்டு அம்மா வந்து விளக்கேற்றினாள். செத்த நேரத்தில் பா. அத்தை வாசலில். உள்ளே வரவில்லை. சேலையைக் கணுக்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் லைட்டைப் போட்டேன்.

அவள் மெட்டி டீக்கறை நிறம். ஓரத்தில் அந்த நீலம்.

பின்னாலேயே மற்றவர்கள். ஒவ்வொருத்தியாக வெளிச்சத்துக்குள் வந்து காலை நீட்டினார்கள். எல்லாம் அதே நிறம். நேற்றுப் பார்த்த வெள்ளை ஒரே நாள் வேலையில் இப்படி. கோயிலில் நிற்பது போல வரிசையாக நின்றார்கள். மழைச் சத்தம் மட்டும். கண்ணுக்குத் தெரியாதது ஒன்று ஷெட்டில் இன்னும் இருக்கிறது, அது இத்தனை கால்களையும் தொட்டுவிட்டுப் போயிருக்கிறது.

"நாத்தமே இல்லையே மதினி," என்றாள் பா. அத்தை.

மிஸ் சொன்னதை அப்போதுதான் எல்லோருக்கும் சொன்னேன். பா. அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அம்மா சொன்னாள்: "துலக்குனதும் நல்லதாப் போச்சு. என் காலு மட்டும்னா நம்ப மாட்டாங்க. அங்க இப்பவும் கேஸு வருதுன்னு இனி யாரும் வாயால சொல்ல வேண்டியதில்ல, காலே சொல்லும்."

அப்பா எல்லாக் கால்களையும் பார்த்தார். பிறகு அம்மாவிடம்: "காலைல சட்டி பானைய நான் ஆட்டோவுல ஏத்தி வச்சிடுறேன், வீட்டக் காலி பண்ணச் சொன்னாலும் சொல்லட்டும். நீ போய்ப் பேசு."

ஐப்பசி 8, சனி

பள்ளி லீவு. நானும் போனேன். போகாதே என்று யாரும் சொல்லவில்லை.

யாரும் ஷெட்டுக்குள் போகவில்லை. கேட்டுக்கு வெளியே ஈரத் தரையில் வரிசையாக உட்கார்ந்து, எல்லோரும் ஆபீஸைப் பார்த்துக் கால் நீட்டிவிட்டார்கள். பெரியவர்கள் முன்னால் கால் நீட்டினால் எனக்கு அடி கொடுக்கிற அம்மா, முதல் ஆளாக.

மேனேஜர் வந்தார். "கால மடக்குங்கம்மா. என்ன மரியாத இது?"

"பாருங்க சார்," என்றாள் அம்மா.

பார்த்தார். குனிந்து பார்த்தார். முகம் மாறியது. தள்ளிப் போய் முதலாளிக்குப் போன் போட்டார். தெருவுக்கே கேட்டது. "இல்ல சார், துலக்கியாச்சு. நாமதான் துலக்குனோம். துலக்குனதுக்குப் பெறகுதான் சார்."

அப்புறம் அந்தப் பக்கம் பேசுவதை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். திரும்பி வந்தவர் அம்மாவைப் பார்க்கவில்லை, மெட்டியைப் பார்த்துச் சொன்னார். "வாய்க்கால மாத்துற வரைக்கும் ஷெட்டப் பூட்டச் சொல்லிட்டாரு. மெட்டி, கொலுசு, செல்லு, எல்லாத்துக்கும் நட்டம் தந்துருவோம்."

"எதனால வந்த நட்டம் சார்?"

"கேஸாலதாம்மா."

அப்போதுதான் அம்மா காலை மடக்கினாள்.

வீட்டைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. சட்டி பானை இன்னும் ஆட்டோவிலேயே இருக்கிறது.