பச்சைக்கு அடியில் சிவப்பு

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் கை கால் அசைவோடு இருக்கிறோம், கடல் தாண்டி அங்கே நீயும் மருமகளும் பேத்தியும் உன் அறுநூற்று நாற்பது பொம்மைக் கார்களும் சளி காய்ச்சல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கார்களை விசாரிக்காமல் விட்டால் உன் முகம் சுருங்கும் என்பதால் அவற்றையும் சேர்த்துக்கொண்டேன். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நான் ஒன்று சொன்னால் நீ இன்னொன்றுக்குத் தாவுவாய், கடைசியில் ஏதோ ஒரு சக்கரத்தின் அச்சைப் பற்றி அரை மணி நேரம் கேட்டுவிட்டு நான் போனை வைக்க வேண்டியிருக்கும். காகிதம் குறுக்கே பேசாது.

முதலில் வீட்டுச் செய்தி. சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, உன் அக்கா வீடு மாற்றிவிட்டாள், நான்காவது மாடி, லிஃப்ட் இல்லை. நீ வந்து உதவுகிறேன் என்று சொன்ன வாரத்தில்தான் உங்கள் சங்கத்தின் கண்காட்சி வந்து தொலைந்ததாமே, பரவாயில்லை, பீரோவை மாப்பிள்ளையும் அறுபத்து மூன்று வயது உன் அப்பாவும் தூக்கினார்கள். பேத்தி போனில் என்ன சொன்னாள் தெரியுமா, அப்பாவின் அலமாரியைத் தொட்டால் திட்டு விழும், அதனால் தூரத்தில் நின்று டாட்டா காட்டிவிட்டு வருவேன் என்றாள். பொம்மைக்கு டாட்டா காட்டுகிற குழந்தையை உன் வீட்டில்தான் பார்க்க முடியும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ எழுதுகிற தமிழ்ப் பத்திரிகை வந்தது. அதைப் படிப்பது நானூறு பேர், அதில் முன்னூறு பேர் எழுதுகிறவர்கள் என்று நினைக்கிறேன். வாங்கிய பொம்மையைப் பெட்டியை விட்டு எடுக்கக் கூடாது, எடுத்தாலும் உருட்டக் கூடாது, உருட்டினால் மதிப்புப் போய்விடும் என்று தலை நரைத்தவர்கள் மல்லுக்கு நிற்பதைப் பார்த்தால் எனக்கும் பொழுது போகிறது. போன முறை நீ ஒரு காரின் கதவைப் பற்றி ஏழு பக்கம் எழுதியிருந்தாய். திறக்கவே திறக்காத கதவு. இந்த முறை உன்னுடைய முதல் காரைப் பற்றி எழுதப்போகிறாய் என்று நீ சொன்னதும் உன் அப்பா ஐந்து பிரதி அனுப்பச் சொன்னார் அல்லவா, வந்த அன்றைக்கே பிரித்துக்கூடப் பார்க்காமல், தான் பெயின்ட் அடிக்கிற வண்டிப் பட்டறைக்குக் கொண்டுபோய் எல்லோருக்கும் கொடுத்துவிட்டார். என் மகன் எழுதியது என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தாராம்.

டீ நேரத்தில், வண்டித் தகரத்தின் ஒடுக்கை எடுக்கிற டிங்கரிங் வேலை பார்ப்பவர், நீ பெரியப்பா என்று கூப்பிடுவாயே அவர்தான், உரக்கப் படிக்க ஆரம்பித்தார். எவனோ ஒரு கைநாட்டு அந்தக் காரின் மேல் குப்பை லாரிப் பச்சையை அப்பி அதைக் கொன்றுவிட்டான், ஒரு மூலையில் பெயின்ட் பெயர்ந்த இடத்தில் கம்பெனி அடித்த அசல் சிவப்பு எட்டிப் பார்க்கிறது, அடுத்த இதழுக்குள் பச்சையைக் கரைத்து அந்தச் சிவப்பை மீட்டெடுப்பேன் என்று எழுதியிருக்கிறாய். அதோடு விட்டாயா, அடித்தகட்டை யாரோ அரத்தால் ராவியிருப்பதால் அது திருட்டுப் பொருளாகத்தான் இருக்க வேண்டும் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டாய். பெரியப்பா பாதியில் நிறுத்திவிட்டார், ஆனால் பக்கத்தில் இருந்தவன் பிடுங்கி மிச்சத்தைப் படித்தான். அந்த நேரம் பார்த்து இப்போதைய முதலாளி வந்து படத்தைப் பார்த்துவிட்டு, "இதே மாதிரி மஞ்சள் கார் ஒண்ணு எங்கிட்ட இருந்துச்சு, எங்க போச்சுன்னே தெரியல" என்று உன் அப்பாவைப் பார்த்துச் சிரித்தாராம். மற்றவர்களும் சிரித்தார்களாம். அன்றிலிருந்து உன் அப்பா பெயின்ட் அடிக்கும் அறைக்குள் அந்த நாற்றத்தில் தனியாக உட்கார்ந்து டீ குடிக்கிறார். இதை அவர் சொல்லவில்லை, பெரியப்பா வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார்.

நிபுணரே, இப்போது கேட்டுக்கொள். அந்தக் கார் கடையில் வாங்கியது என்று உன்னிடம் சொன்னது பொய். இன்றைய முதலாளி அன்றைக்கு உன் வகுப்பில் படித்தான், முன்சக்கரம் முறிந்ததும் அதைக் குப்பையில் வீசிவிட்டான். அது பட்டறையின் தகர டிரம்மில் கிடந்தது. உன் அப்பா, அவன் அப்பாவான பெரிய முதலாளியிடம் கேட்டு, அவர் எடுத்துக்கொள் என்று சொன்ன பிறகுதான் எடுத்தார். அடியில் அந்தப் பையன் ஆணியால் தன் பெயரைக் கீறியிருந்தான், நீ அதைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போனால் இது நான் வீசியது என்று சொல்லிவிடுவானே என்று பெரியப்பாவை வைத்து ராவ வைத்தார். மஞ்சளை உப்புத்தாள் போட்டு ஒரு பொட்டு விடாமல் தேய்த்து எடுத்தார். அதன் மேல் ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்தார். நீ மீட்கப் போகிற அசல் சிவப்பு அதுதான், மகனே, இரும்பு கேட்டுக்கு அடிக்கிற பிரைமர். பச்சைதான் வேண்டும் என்று ஒரு மாதம் உயிரை எடுத்தது நீ, அதனால் பச்சை. குப்பை லாரிக்கு அடித்து மிஞ்சியது, அது ஒன்றை மட்டும் சரியாகக் கண்டுபிடித்திருக்கிறாய். எந்தப் பட்டியலிலும் இல்லாத அபூர்வ வகை என்று நீ உருகியிருக்கும் சக்கரங்கள் பழைய வேனின் ரப்பர் குழாயில் வெட்டியவை.

முதலாளியிடம் உண்மையைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று உன் அப்பாவைக் கேட்டேன். "சொன்னா, அவன் தூக்கிப் போட்டதுல என் புள்ள விளையாடினான்னு ஆயிடும், வேண்டாம்" என்றார். சரி, சிவப்பு அசல் இல்லை என்றாவது உன்னிடம் சொல்லலாமே என்றால், நாலு பேர் முன்னால் எழுதிவிட்டான், அவனுக்கு அசிங்கமாகிவிடும் என்கிறார். திருடன் பட்டத்தைச் சுமந்துகொண்டு உன் கௌரவத்துக்குக் காவல் நிற்கிறார். அந்த மனுஷனைத்தான் நீ கைநாட்டு என்று எழுதியிருக்கிறாய்.

இந்தக் கடிதம் அவருக்குத் தெரியாது. நீ காரைக் கரைப்பதென்றால் கரைத்துக்கொள், பச்சை போகும், சிவப்பும் போகும், அதற்கடியில் வெறும் உலோகம்தான் இருக்கும். ஒரு காருக்குப் பின்விளக்கு இரண்டு என்று எழுதியது தவறு, நான்கு என்று ஒருமுறை அரைப்பக்கம் மன்னிப்புக் கேட்டாய். பின்விளக்குக்கு அரைப்பக்கம் என்றால் பெற்றவனுக்கு எத்தனை பக்கம் என்று உனக்கே தெரியும். ஆனால் அந்தப் பத்திரிகை வர மூன்று மாதம் ஆகும், அதுவரை அவர் அந்த அறையில் உட்கார முடியாது. அதனால் பட்டறைக்குப் போன் செய். முதலாளியைக் கூப்பிடச் சொல், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போடச் சொல், நீ குப்பையில் வீசிய காரில்தான் நான் விளையாடினேன் என்று உன் வாயால் சொல். அப்புறம் அப்பாவை வெளியே கூப்பிடச் சொல்.

நீயும் உன் குடும்பமும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும், அதில் எனக்குக் கோபம் கிடையாது. மருமகளிடம் விசாரித்ததாகச் சொல், பேத்தியின் கையில் ஒரு காரையாவது கொடு. மறந்துவிடாதே, பட்டறையில் டீ நேரம் நான்கு மணி. உங்கள் ஊரில் அப்போது விடிந்திருக்காது. கண்காட்சிக்கு எழுந்திருக்கிறாயே, அப்படி எழுந்திரு.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற
அம்மா