இரண்டாம் மடையின் முதல் ஆள்

ஜனவரி 6, திங்கள்

ஆழ்வார்குறிச்சிப் பாசனச் சங்கத்தில் நான்கு வருடமாக முறைத் தண்ணீர்ப் பட்டியலை அடித்து அடித்தே என் விரல் தேய்ந்துவிட்டது. அண்ணன் தம்பி வயலைப் பிரித்தால் நடுவில் ஒரு பெயர் நுழையும். அதற்குக் கீழே எல்லா எண்ணையும் அழித்து மாற்ற வேண்டும். இன்று நானே பைத்தானில் எழுதிய நிரல் அதைச் செய்தது! இரண்டு மடைக்குமாக எக்செல்லில் கிடந்த நூற்று மூன்று பேரும் வேர்டு கோப்பில் எண்ணோடு வரிசையாக வந்து நின்றார்கள், பெயருக்குக் கீழே பாய்ச்சல் நேரம் உள்தள்ளி. சோதனைக்கு ஒரு பெயரைச் சேர்த்து மறுபடி ஓட்டினேன். எண்களெல்லாம் தாமாகவே நகர்ந்தன. உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

தலைவர் குமரகுருபரன் அண்ணாச்சி, "இதென்னம்மா கலையரசி, கண்கட்டு வித்தையால்லா இருக்கு!" என்றார். அச்சடித்து இரண்டு மடைக்கும் ஒட்டக் கொடுத்தாயிற்று.

ஜனவரி 7

இன்னும் அந்தக் கோப்பைத் திறந்து திறந்து பார்க்கிறேன். பைத்தியம்தான்.

ஜனவரி 11, சனி

இரண்டாம் மடை அடைத்துக் கிடக்கிறது. வயலெல்லாம் வெடிப்பு. கதிர் பால் பிடிக்கிற நேரம்! அங்கே எப்போதும் முதல் முறை பேச்சித்தாய் அக்காவுக்குத்தான். வரப்பில் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"ஏன்க்கா திறக்கல?"

"எனக்கு அறுவத்து மூணுன்னுல்லா போட்டிருக்கு. அணையில தண்ணி கொறவு, ரெண்டு மடையையும் ஒண்ணாச் சேத்துட்டாவன்னு நெனச்சோம். அங்கன அறுவத்திரண்டு பேரும் முடியட்டும்னு இருக்கோம்."

முதல் மடையில் அறுபத்திரண்டு பேர். அடுத்த பட்டியல் மறுபடி ஒன்றில் தொடங்கியிருக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே எண்வரிசையைக் கொடுத்துவிட்டேன். வேர்டு விட்ட இடத்திலிருந்து எண்ணிக்கொண்டே போயிருக்கிறது. நான் பார்த்தேனா? அழகைத்தானே பார்த்தேன், பாவி! ஐந்து நாள் — கண்ணெதிரே கால்வாயில் தண்ணீர் போக, நாற்பத்தொரு குடும்பத்தில் ஒருத்தர்கூட ஒரு மண்வெட்டி மண்ணை எடுக்கவில்லை. நான் அடித்த எண்ணுக்காக.

சங்கத்துக்கு ஓடினேன். இரண்டாம் மடைக்குத் தனி எண்வரிசை, ஒன்றிலிருந்து தொடங்கு என்று நிரலில் எழுதினேன். ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்த பிறகே அச்சடித்தேன்.

மாலையில் நானே போய் ஒட்டினேன். மடையைத் திறந்தார்கள். அக்கா தன் வயலுக்கு வெட்டிவிடவில்லை. நான்காவது ஆளான கண்ணன் வயலுக்குத் தண்ணீரைத் திருப்பினார்.

"எம் பயிரு ரெண்டு நாளைக்குத் தாங்கும். அவனுக்கு மணல் தரை, இன்னைக்கே கருகிரும்."

"அப்போ வரிசையை மாத்தி அடிச்சுத் தரவாக்கா?"

"தாள்ல ஒண்ணும் மாத்தாண்டாம். அது சரியாத்தான் இருக்கு."

இரண்டாவது, மூன்றாவது ஆட்களே இறங்கி வாய்க்காலை வெட்டிக் கொடுத்தார்கள்.

பிப்ரவரி 12

இரண்டாம் மடையில் அறுப்பு. கண்ணன் வயல் தேறிவிட்டது. பேச்சித்தாய் அக்கா வயலில் பாதி பதர். எந்த முகத்தோடு எதிரே நிற்பேன்? நின்றேன்.

அக்கா பதரைக் கையில் அள்ளி ஊதிவிட்டு, "அடுத்த கார் பருவத்துப் பட்டியலும் நீதானே அடிப்பே?" என்றார்.

"நான்தான்க்கா" என்றேன்.