நாலு பேர் என்று செய்த சத்தியம்

அக்கா,

இன்று காலை கதவைத் திறந்தபோது வாசலில் ஓர் அழைப்பிதழ் கிடந்தது. நம் ஊர் அம்மன் கோயில் கும்பாபிஷேகம். அச்சு மை வாசனை இன்னும் போகவில்லை. மேலே கோபுரம், அதற்குக் கீழே கட்சித் தலைவர், அவருக்கும் கீழே கைகூப்பியபடி நீங்கள் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியின் முதலாளி. இத்தனை வருடத்தில் எங்கள் கிறிஸ்தவ வீட்டுக்கு யாரும் கோயில் அழைப்பிதழ் வைத்ததில்லை. இதில் என் மகள் பெயரையும் அவள் படிக்கும் வகுப்பையும் பேனாவால் எழுதி, ‘அவசியம் அழைத்து வரவும்’ என்று போட்டிருந்தார்கள். படித்ததும் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். உங்களிடம்தான் சொல்லத் தோன்றியது.

அந்தத் தீபாவளி சீசனில், நாலு பேர் உட்கார வேண்டிய அறையில் பதினொரு பேரை உட்கார வைத்தார்கள். அறை வெடித்தது. மூன்று பேர் அங்கேயே போய்விட்டார்கள். தீக்காயத்தோடு வந்த எட்டுப் பேருக்கும் நாரணாபுரம் ஆஸ்பத்திரியில் நர்ஸான நான்தான் மருந்து போட்டேன். பக்கத்து வீட்டுக்காரியான உங்கள் கைக்குக் கட்டுப் போடும்போது, “எல்லாரும் உள்ளதான் இருந்தோம் சிஸ்டர், எழுதிக்கோங்க” என்றீர்கள். எழுதினேன்.

விசாரணைக்கு அதிகாரி வருவதற்கு முந்தின நாள் மாலை உங்கள் எட்டுப் பேரையும் கோயிலுக்கு வரச்சொன்னார்கள். முதலாளிதான் திருப்பணிக் கமிட்டித் தலைவர். கட்சியின் ஒன்றியச் செயலாளரும் அவர்தான். அம்மன் முன்னால் கற்பூரம் ஏற்றி, “உள்ள நாலு பேருதான், மத்தவுக மரத்தடியில இருந்தோம்னு அணைச்சு சத்தியம் பண்ணுங்க. கம்பெனிய மூடிட்டா கோபுரமும் எந்திரிக்காது, உங்க அடுப்பும் எரியாது” என்றாராம். ஏழு பேர் கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தார்கள். நீங்கள் மட்டும், “எத்தன பேருன்னு ஆத்தாவுக்கே தெரியும். அவகிட்டயே பொய் சொல்லவா?” என்று கேட்டீர்கள்.

அன்றே பேச்சு மாறிவிட்டது. நீங்கள் அம்மனை அவமதித்தீர்கள், வேதக்கார நர்ஸ் தூண்டிவிட்டாள் என்றார்கள். கட்சிக்காரர் இருவர் என் வாசலில் நின்று, “எங்க கோயில் விவகாரம் உங்களுக்கு எதுக்கு சிஸ்டர்? பிள்ளையோட இருக்கீக” என்று சிரித்தார்கள். நான் உங்களிடம் ஓடிவந்து, “பேசாம இருந்துருங்கக்கா” என்று அழுதேன்.

“எனக்கும் பயந்தான். ஆனா செத்ததுல ஒருத்தி எம் பக்கத்துல உக்காந்திருந்தவ” என்றீர்கள். மறுநாள் அதிகாரியிடம் உள்ளதைச் சொல்லிவிட்டீர்கள்.

அதன் பிறகு எந்தக் கம்பெனியும் உங்களுக்கு வேலை தரவில்லை. தாயில்பட்டியில், லைசென்ஸ் இல்லாமல் ஒரு வீட்டுக்குள் வெடி சுற்றப் போனீர்கள். அந்த வீடும் வெடித்தது. உங்களை உயிரில்லாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்த அன்று பணியில் இருந்தவளும் நான்தான்.

முதல் விபத்தின் வழக்கில் நேற்றுதான் என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். கூண்டில் ஏறினேன். எதிரே முதலாளி, நெற்றியில் குங்குமம், சட்டைப்பையில் தலைவர் படம். சிகிச்சைப் பதிவேட்டைப் பிரித்து எட்டுப் பேரின் பெயரையும் வாசித்தேன். ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் ‘அறைக்குள் வேலை செய்தபோது’ என்று எழுதியிருந்ததையும் வாசித்தேன்.

வெளியே வந்து பஸ்ஸுக்காக நின்றேன். அன்று முதலில் கற்பூரத்தை அணைத்த பெண் என் அருகே வந்தாள்.

“எம் பேரையும் வாசிச்சீகளா?”

“வாசிச்சேன்.”

திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, “அடுத்த வாய்தா என்னைக்கு?” என்றாள்.

தேதியைச் சொன்னேன். உண்மையைச் சொல்ல வருவாளா, தெரியாது. இன்று மகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. உங்களை வாயை மூடச் சொல்லி அழுதவள் நான். அது என்னை விட்டுப் போகவில்லை அக்கா. அதையும் சுமந்துகொண்டுதான் அடுத்த வாய்தாவுக்குப் போவேன்.