டாக்டர் கேட்ட கேள்வி

13.11.1996, புதன்

பாப்பாவுக்கு இருதயத்தில் ஓட்டை, மூளையும் சரியாக வளரவில்லை, இரண்டும் ஒரே பிறவிக் கோளாறுதான் என்று பாளையங்கோட்டை டாக்டர் இன்று சொன்னார். ரொம்ப அபூர்வமாம். "சொந்தத்துல கட்டுனீங்களா சார்?" என்று கேட்டார். என் மனைவி செல்வி, சொந்த அக்கா மகள். பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்துகிறவன் அதை எப்படிச் சொல்வேன்? வெட்கத்தில், "சொந்தம் இல்ல டாக்டர், அசல்தான்" என்றேன்.

"அப்போ அடுத்த பிள்ளைக்கு இது வர வாய்ப்பு ரொம்பக் குறைவு" என்றார்.

வெளியே பெஞ்சில் பிள்ளையோடு இருந்த செல்வியிடம் அதை மட்டும் சொன்னேன், ஆறுதலாக இருக்கட்டும் என்று. சீவலப்பேரி பஸ்ஸில் அவள் என் காதோரம் பைய சொன்னாள்: "மாமா, எனக்கு ரெண்டு மாசமா நாள் தள்ளிப்போயிருக்கு. பயந்துக்கிட்டுச் சொல்லல. இனி பயமில்லேல்லா?"

தலையாட்டிவிட்டேன்.