சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பியவள்

என் பிரியத்துக்குரிய பிடிவாதக்கார அண்ணாவுக்கு,

நீ போய்ப் பதினொரு மாதம் ஆகிறது. உன் மேல் எனக்குக் கோபம்தான் ஜாஸ்தி, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வடக்கே பிலாய் இரும்பாலையில் இருபத்திரண்டு வருஷம் ஃபிட்டர் வேலை பார்த்து, அந்த ஊர்ப் பெண்ணான சரிதாவைக் கட்டி, ஒரு பெண் குழந்தையையும் பெற்று, என் பாட்டுக்கு இருந்தேன். "எங்களுக்குத்தான் பிள்ளை குட்டி இல்ல. நீயாவது பக்கத்துல வந்து இருடா"ன்னு போன் மேல் போன் போட்டு வரவழைத்தாய். நாங்கள் வந்த எட்டாம் மாதம் நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாய். இது என்ன நியாயம்?

அடி அண்ணாமலையில் உன் கடையை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பௌர்ணமி கிரிவலம் வந்தால் உட்கார நேரமில்லை. கற்பூரம், தண்ணீர் பாட்டில், சோடா எல்லாம் முதல் நாளே இறக்கிவிட வேண்டும், அன்றைக்கு வண்டியை விட மாட்டார்கள். நம்ம நித்யா ஏழாவது படிக்கிறாள். தமிழில் மார்க் கம்மி, வாய் மட்டும் இந்த ஊரிலேயே பிறந்தவள் மாதிரி. குரங்குகள் எங்கள் சமையலறை ஜன்னலைத் தள்ளித் திறக்கப் பழகிவிட்டன. சரிதா சுட்டு வைக்கிற ரொட்டிதான் அவற்றுக்குக் குறி.

சரிதாவைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். அவள் இப்போது யாரோடும் தமிழ் பேசுவதில்லை. காய்க்கடையில் விரலால் காட்டுகிறாள். பக்கத்து வீட்டில் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் நித்யாவை அனுப்புகிறாள். செங்கம் ரோட்டில் வாடகைக்கு இருக்கிற ஒரு வெள்ளைக்காரம்மா, வடக்கே ரொம்ப நாள் இருந்தவராம், கடைக்கு வந்தால் இவளோடு இந்தியில் பேசுவார். வீட்டை விட்டால் என் பெண்டாட்டிக்கு வாய் திறந்து பேச இந்த ஊரில் அந்த அம்மா ஒருவர்தான். என் பிழைப்பு சிரிப்பாய்ச் சிரிக்கிறது, அண்ணா.

வந்த புதிதில் உன் வீட்டிலிருந்து கிளம்பும்போது அவள் "மாமா, போறேன்" என்பாள். நீ கேட்டை மறித்துக்கொண்டு நிற்பாய். "போறேன்னு சொல்லக் கூடாதும்மா. போயிட்டு வரேன்னு சொல்லு, அப்பதான் வழி விடுவேன்." அவள் சிரித்துக்கொண்டே சொல்வாள். அவளுக்குத் தப்பில்லாமல் வந்த முதல் தமிழ் அதுதான்.

உன்னை எடுத்த பிறகு வீட்டைக் கழுவிவிட்டது அவள்தான். சாயங்காலம் நித்யாவுக்குக் காய்ச்சல் அடிக்கவே, வீட்டுக்குக் கூட்டிப்போகக் கிளம்பினாள். அண்ணி முன்னால் கை கூப்பி, "அக்கா, போயிட்டு வரேன்" என்றாள். அடுத்து நம் அத்தையிடம். அப்புறம் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவரிடமும். ஒரு ஆளையும் விடவில்லை.

சாவு வீட்டில் சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போக வேண்டும், வரேன்னு சொன்னால் இன்னொரு சாவும் வரும் என்பார்கள் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? நீ பாதியைத்தான் சொல்லிக்கொடுத்தாய். மீதியைச் சொல்ல இன்னும் நாள் இருக்கிறது என்று நினைத்தாயோ?

இருபதாம் நாள் கீழ்பென்னாத்தூரில் அண்ணியின் அப்பா போய்விட்டார். இரண்டு வருஷமாகப் படுத்த படுக்கையாய்க் கிடந்த மனுஷர். அதை யார் யோசித்தார்கள்? அந்தச் சாவு வீட்டில் அத்தனை பேர் நடுவில் அத்தை சொன்னாள்: "வரேன் வரேன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லிட்டுப் போனாளே மகராசி. வந்துடுச்சு பாத்தியா?" சரிதாவுக்கு முழுசாகப் புரியவில்லை. வீட்டுக்கு வந்து நித்யாவைக் கேட்டாள். குழந்தை இந்தியில் அப்படியே சொல்லிவிட்டது.

போன வாரம் அண்ணி உன் முதல் வருஷத் திதியைப் பற்றிப் பேச வீட்டுக்கு வந்தார்கள். சரிதா டீ போட்டுக் கொடுத்தாள், பக்கத்தில் உட்காரவில்லை. கிளம்பும்போது அண்ணி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க அப்பா எப்படிக் கெடந்தாருன்னு எனக்குத் தெரியாதா சரிதா? அத்தை பேச்ச மனசுல வெச்சுக்காத. நீ வந்து நின்னாதான் எனக்குத் தெம்பு" என்றார்கள். சரிதா தலையை ஆட்டினாள், அவ்வளவுதான்.

அண்ணி போன பிறகு என்னிடம் இந்தியில் கேட்டாள்: "நான் வாயைத் திறந்தால் ஆள் செத்துப்போகிற ஊரில் என்னை எதற்கு வைத்திருக்கிறாய்? பரீட்சை முடிந்ததும் நித்யாவைக் கூட்டிக்கொண்டு பிலாய்க்குப் போகிறேன்." நான் கடைச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அண்ணா, யாரிடமும் சொல்லாததை உன்னிடம் சொல்கிறேன். அன்று அவள் அண்ணியிடம் சொன்னபோதே என் காதில் விழுந்தது. உனக்குக் கொள்ளி வைத்துவிட்டு ஈரத் துணியோடு பந்தலில் உட்கார்ந்திருந்தேன். முறை எனக்குத் தெரியும். எழுந்து போய், போதும் வா என்று அவளைக் கூட்டி வந்திருக்கலாம். வடக்கத்திக்காரியைக் கட்டினவன் என்று எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்களே என்று கூசிப்போய்த் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் ஒவ்வொருவரிடமாகப் போய்ச் சொல்லி முடிக்கிற வரைக்கும் நிமிரவில்லை. அத்தை பேசினபோதும் அப்படித்தான் இருந்தேன். அத்தையை விட நான்தான் அவளுக்குப் பெரிய துரோகம் செய்தவன்.

அடுத்த மாதம் உன் திதி. படையல் போட்டு எல்லோரும் கூடியிருக்கும்போது இதைச் சொல்லப்போகிறேன். சொல்லிக்கொடுத்தது என் அண்ணன், தெரிந்தும் தடுக்காதவன் நான், பழி மட்டும் அவளுக்கா என்று அத்தையின் முகத்தைப் பார்த்தே கேட்பேன். அதற்கு அப்புறமும் சரிதா போகிறேன் என்றால் தனியாக அனுப்ப மாட்டேன், நானும் கிளம்புவேன். அண்ணியை யார் பார்த்துக்கொள்வது? தெரியவில்லை அண்ணா, நிஜமாகவே தெரியவில்லை.

இருப்பதும் போவதும் அவள் இஷ்டம். ஆனால் அவள் தலை குனிந்து போக மாட்டாள், இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு. குனிய வேண்டிய தலை என்னுடையது.

உன் கூடப்பிறந்த தம்பி,
ஏழுமலை