மூன்றாவது சிலிண்டரின் சத்தம்

ஜனவரி 20, செவ்வாய்

காலையில் கம்ப்ரஸர் பெல்ட் மாற்றினேன். ரத்னா கட்டிக் கொடுத்த தக்காளி சாதத்தைப் பதினோரு மணிக்கே தின்று தீர்த்தேன். நாள் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது.

மூன்று மணிக்கு அந்தச் சிவப்புக் கார் வந்தது. பள்ளிப்பட்டு செங்கல்வராயன் ஐயாவுடையது. அறுபத்தாறாம் வருடத்து ஸ்போர்ட்ஸ் கார், இரண்டே சீட்டு. அதன் இன்ஜினை மொத்தமாகப் பிரித்து, தீபாவளி கழித்து நானே பூட்டி, டிசம்பரில் ஓட்டிக் கொடுத்தேன். இந்தக் காக்களூர் ஷெட்டைப் போட்ட பதினெட்டு வருடத்தில் இதைவிட நல்ல வேலை நான் செய்ததில்லை என்று பார்ப்பவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தேன். கேட்டுக்குள் நுழையும்போதே சத்தம் கேட்டது. அடியிலிருந்து, கனமாக, டொக் டொக் டொக். கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை.

"இன்னா நைனா இது, திருத்தணி தாண்டினதும் ஆரம்பிச்சிச்சி. உள்ள யாரோ குந்திக்கினு சுத்தியால தட்டுறா மாதிரி கீது" என்றார் ஐயா.

அங்கிருந்து நாற்பது கிலோமீட்டர் நிறுத்தாமல் வந்திருக்கிறார். ஏன் ஐயா நிறுத்தவில்லை என்றேன்.

"நீ கட்டின இன்ஜின் ஆச்சே. ஒண்ணும் ஆவாதுன்னு நெனச்சேன்."



ஜனவரி 21

டைமிங்காக இருக்கட்டும், கெட்ட பெட்ரோலாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே ஆரம்பித்தேன். டேங்கைக் காலி செய்து புதுப் பெட்ரோல் ஊற்றினேன். டைமிங்கைப் பின்னால் தள்ளினேன். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது சமர்த்தாக ஓடியது. பத்து நிமிடம் சூடானதும் மறுபடி டொக் டொக்.

டைமிங் கோளாறு என்றால் கிணிகிணி என்று மேலே அடிக்கும். இது கீழே அடிக்கிறது. நேற்றே தெரியும் எனக்கு. தெரிந்தும் ஒரு நாளை வீணாக்கினேன்.

ஜனவரி 22

இன்ஜினை ஓடவிட்டு பிளக் வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். ஒன்று - சத்தம் அப்படியே. இரண்டு - அப்படியே. மூன்றைப் பிடுங்கியதும் சத்தம் பாதியாக இறங்கியது. திரும்ப மாட்டினேன், ஏறியது. நான்கு தடவை செய்தேன், நான்கு தடவையும் அதே கதை. நீள ஸ்க்ரூடிரைவரின் பிடியைக் காதில் வைத்து, முனையை இன்ஜினின் மேல் ஊன்றிக் கேட்டேன். மூன்றாவது சிலிண்டருக்குக் கீழே யாரோ கதவைத் தட்டுகிறார்கள்.

மூன்றாவது ராடு, பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கிறது. அதன் பேரிங் போய்விட்டது. எண்ணூறு கிலோமீட்டர்கூட ஓடவில்லையே, எப்படிப் போகும்?

ஜனவரி 23

ஆயிலை இறக்கினேன். வெயிலில் வைத்துப் பார்த்தால் ஆயில் முழுக்கச் செம்புத் தூள் மினுங்குகிறது.

ஜனவரி 24, சனி

எழுதும்போதும் கோபம் அடங்கவில்லை.

அடித்தொட்டியைக் கழற்றி மூன்றாவது ராடின் மூடியைப் பிரித்தேன். பேரிங் வழித்தெடுத்தாற்போல, அடிச்செம்பு தெரிய. கிராங்கில் அந்த ராடு பிடித்துச் சுற்றும் இடம், நாங்கள் பின் என்போம், சூட்டில் நீலம் பாய்ந்து, கோடு கோடாகக் கீறிக் கிடந்தது. மற்ற மூடிகளையும் கழற்றினேன். அந்த மூன்று பின்னிலும் முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு. மைக்ரோமீட்டரை வைத்தேன். மூன்றாவது பின் மற்றவற்றைவிட நாலு தௌ கம்மி, அங்குலத்தில் ஆயிரத்தில் நாலு பங்கு.

கிராங்கை அரைத்தது மோசஸ். கும்மிடிப்பூண்டியில் தேசப்பன் ஷாப்பில் கிரைண்டிங் மெஷின் ஓட்டுகிறவன். இருபத்திரண்டு வருடமாக என் கிராங்க் அவன் கையைத் தவிர வேறு கைக்குப் போனதில்லை. அவன்தான் அளவு குறைய அரைத்துவிட்டான் என்று முடிவுகட்ட எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. போன் போட்டேன். ஷிஃப்ட் முடிந்து பைக்கில் வந்தான். ஐயாவும் காரைப் பார்க்க அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தார்.

மோசஸ் குனிந்து பார்த்தான். மைக்ரோமீட்டரை வாங்கி அளந்தான். அப்புறம் நிதானமாகச் சொன்னான்: "தேஞ்சி போனத அளந்துட்டு நான் அளவு கொறைய அரைச்சேன்றியா? நாலும் ஒரே சைஸ்லதான் குடுத்தேன். ஆயில் ஹோல்ல கம்பி உட்டுப் பாத்தியா?"

அந்த நிதானம்தான் எனக்கு ஏறியது. "என் ஷெட்டுக்கே வந்து எனக்கே கிளாஸ் எடுக்கிறியா? உனுக்குக் கண்ணு போயிடுச்சி மோசஸ். மெஷின உட்டுட்டு ஊட்ல போய்க் குந்து" என்றேன். ஐயாவுக்கும் கேட்கட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன். அவரும் தலையாட்டினார்.

மோசஸ் ஐயாவைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "கிராங்கக் கீழ எறக்கு. அப்புறம் பேசு" என்று சொல்லிவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டான். அவனுக்கு வாங்கி வைத்த டீ ஆறிப்போய் ஏடு கட்டியிருந்தது.

ஜனவரி 26

விடுமுறை. ஷெட் மூடல். கோபம் மட்டும் மூடவில்லை. தேசப்பனுக்கே போன் போட்டேன். உங்கள் மோசஸ் ஒரு நல்ல கிராங்கைக் கெடுத்துவிட்டான், என் பெயரும் சேர்ந்து கெட்டது, இனிமேல் அவனை மெஷினில் விடாதீர்கள் என்றேன். "நீங்களே சொல்றீங்கன்னா சரி. நான் பாத்துக்கிறேன்" என்றார்.

ரத்னா சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். "அவரு வந்தா இன்னும் ஒரு தோசை, இன்னும் ஒரு தோசைன்னு என்னைப் பாடாப் படுத்துவீங்க. இப்ப மொதலாளிகிட்ட போட்டுக் குடுக்குறீங்க. நல்லா கீதுங்க உங்க சிநேகிதம்."

டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

ஜனவரி 29, வியாழன்

ஐயோ.

இரண்டு நாளாக இன்ஜினை வெளியே தூக்கி, பிரித்து, இன்று கிராங்கைப் பெஞ்சில் கிடத்தினேன். திருவள்ளூரில் வேறு ஷாப்புக்கு அனுப்பலாம் என்று சாக்கில் சுற்றப் போனேன். போகிறபோக்கில், சும்மா, ஆயில் ஹோல்களில் கம்பி விட்டுப் பார்த்தேன். பின்னுக்கு ஒரு ஓட்டை, அதன் வழியாகத்தான் ஆயில் வந்து பேரிங்கை நனைக்கும். ஒன்று, சர்ரென்று போனது. இரண்டு, போனது. மூன்றில் கம்பி இடித்து நின்றது.

குத்தினேன். திருகி இழுத்தேன். கம்பி முனையில் மஞ்சளாக ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. துரு இந்த நிறம் இல்லை. கசடு கறுப்பாக இருக்கும். இன்னும் நோண்டினேன். பட்டாணியில் பாதி இருக்கும், கட்டியாக விழுந்தது. துணியில் ஆயிலை ஒற்றி எடுத்து விரலில் தேய்த்தேன். முகர்ந்தேன்.

சந்தனம்.

இன்ஜினுக்குள்ள சந்தனம்! எப்பிட்றா? எப்பிட்றா வரும்? உலகத்தில் எந்த மெக்கானிக்காவது கிராங்குக்குள் சந்தனம் பார்த்திருப்பானா? அங்கே கிடந்த டயர் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஜனவரி 30

விடியும்போது ஞாபகம் வந்தது. போனை எடுத்துப் பார்த்தேன். அக்டோபர் ஒன்று, ஆயுத பூஜை. ரத்னா எடுத்த படம்.

அன்று காலைதான் மோசஸ் கிராங்கை அரைத்து எடுத்துக்கொண்டு வந்தான். எல்லா ஓட்டையையும் கெரசினில் கழுவி, காற்றடித்து, ஆயில் தடவி, பிளாஸ்டிக்கில் சுற்றி டேப் போட்டு. "மாட்டுற அன்னிக்குப் பிரிச்சா போதும்" என்று சொல்லிவிட்டு, பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு பிள்ளைகளுக்கு என்று கிளம்பினான். அவன் போனதும் பிளாஸ்டிக்கைப் பிரித்தேன். ஷெட்டில் லேத்துக்குப் பொட்டு உண்டு, ஜாக்கிக்கு உண்டு, உடைந்த வைஸுக்குக்கூட உண்டு. புதுசாக அரைத்துவந்த கிராங்கை மட்டும் மொட்டையாக வைத்தால் சாமிக்குப் பொறுக்குமா? நாலு பின்னுக்கும் நாலு பொட்டு.

படத்தில் தெளிவாக இருக்கிறது. மூன்று பின்னில் பொட்டு ஓட்டைக்குப் பக்கத்தில். மூன்றாவதில் ஓட்டைக்கு மேலேயே, கட்டியாக, நெற்றியில் வைக்கிற மாதிரி. வைக்கிற கை என் கை. மோதிரம்கூடத் தெரிகிறது.

பிறகு பெட்ரோல் துணியால் மேலாகத் துடைத்தேன். பூட்டுகிற அன்று ஓட்டைகளில் காற்றடித்தேனா? இல்லை. யார் அரைத்துக் கொடுத்தாலும் அடிப்பேன், மோசஸ் கொடுத்தால் மட்டும் அடிப்பதில்லை. அவன் கையிலிருந்து வந்ததைச் சந்தேகப்பட்டுச் சோதிப்பதே பாவம் என்று இருந்தவன் நான். அப்படி நம்பியவனை அரை நிமிடத்தில் குற்றவாளி ஆக்கினேன். அவன் கம்பி விட்டுப் பார்க்கச் சொன்னான். சொன்னானே!

ரத்னாவிடம் படத்தைக் காட்டினேன். பார்த்தாள், என்னைப் பார்த்தாள், போனைத் திருப்பிக் கொடுத்தாள். அவள் திட்டியிருந்தால் தேவலை.

ஜனவரி 31

கட்டியைத் தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். ஒரு கை கெரசின் ஊற்றிக் கசக்கினால் தூளாகிப் போகும், யாருக்கும் தெரியாது. இன்றைக்கு இரண்டு தடவை கெரசின் டப்பாவைத் தொட்டுவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 2, திங்கள்

கும்மிடிப்பூண்டி போனேன். பெரியபாளையம் தாண்டும்போது வண்டியைத் திருப்பிவிடலாமா என்று ஒரு யோசனை. திருப்பவில்லை.

ஷாப் வாசலில் டெம்போவில் ஒருவன் இரும்பு பிளாக்குகளை ஏற்றிக்கொண்டிருந்தான். முதுகுப்பக்கம் சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. கிட்டே போனபிறகுதான் மோசஸ் என்று தெரிந்தது. உள்ளே அவன் மெஷினில் வேறு ஆள். மோசஸுக்கு ஐம்பத்தோரு வயது, இடுப்பில் ஏற்கெனவே வலி.

"நீங்க சொன்னதாலதான் எடுத்தேன். நமக்கு வேலை குடுக்குற கம்பெனிக்காரன் காதுக்குப் போச்சின்னா ஆர்டர் போயிடும் இல்ல? பேஜாரான விஷயம்" என்றார் தேசப்பன். அவர் ரூமில் உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. மெஷின்கள் ஓடுகிற இடத்தில் நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கத்திச் சொன்னேன். ஓட்டையை அடைத்தது நான், சந்தனத்தால் அடைத்தேன், மோசஸ் அரைத்ததில் ஒரு குற்றமும் இல்லை. தீப்பெட்டியைத் திறந்து காட்டினேன். ஒரு ஆள் சிரித்துவிட்டு, அப்புறம் வாயை மூடிக்கொண்டான். தேசப்பன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

மோசஸைக் கூப்பிட்டார்கள். தீப்பெட்டியை வாங்கி முகர்ந்தான். மூடிக் கொடுத்தான்.

"மத்த மூணு ஹோலும் பாத்தியா?"

"பாத்தேன். கிளீனா கீது."

"பாதிதான் அடச்சிருக்கும். முழுசா அடச்சிருந்தா டிசம்பர்லயே போயிருக்கும்."

"மோசஸ், மன்னிச்சிடுடா. நான் பேசினது..."

"டெம்போ நிக்குது" என்றான். போய் ஏற்ற ஆரம்பித்தான். நானும் ஒரு பிளாக்கைத் தூக்கப் போனேன். "வோணாம்" என்றான். நான் கையை எடுத்தேன்.

பிப்ரவரி 4

பள்ளிப்பட்டு போய் ஐயாவிடம் சொன்னேன். கார் போனதற்கு இரண்டு வார்த்தை திட்டுவார் என்று போனேன். "அன்னிக்கி அந்த ஆளை என் எதுர்க்க அப்பிடிப் பேசினியே நைனா. விஷயம் தெரியாம நானும் தலைய ஆட்டிக்கினு குந்தினு இருந்தேனே" என்றார். காரைப் பற்றிக் கேட்கவே இல்லை.

பிப்ரவரி 6

தேசப்பன் போன். மோசஸ் இன்று முதல் பழையபடி மெஷினில். ரத்னாவிடம் சொன்னேன். அவள் கேசரி கிண்டினாள். ஏனோ எனக்கு இறங்கவில்லை.

பிப்ரவரி 11, புதன்

கிராங்கை எடுத்துக்கொண்டு போனேன். நான்கு பின்னையும் அடுத்த சைஸுக்கு அரைக்க வேண்டும், நீலம் பாய்ந்த இடத்தையும் அவன்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். வழக்கமாக கிராங்கை அவன் பெஞ்சில் வைத்துவிட்டு, இரண்டு பேரும் எதிர்க்கடைக்குப் போய் டீ குடித்துவிட்டு வருவோம். எங்களுக்குள் சீட்டு, கணக்கு, எதுவும் கிடையாது.

மோசஸ் மெஷினை நிறுத்தினான். வேஸ்ட் துணியில் கையைத் துடைத்தான். ஆபீஸ் பக்கம் போய் ஜாப் கார்டு கட்டை எடுத்துவந்தான். வெளிப் பார்ட்டிகளுக்குப் போடுகிற கார்டு.

"பார்ட்டி பேரு?"

சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை. பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான்.

"துளசிராமன்" என்றேன்.

"எந்த ஊரு?"

"காக்களூர்."

எழுதிக்கொண்டான். கிராங்கை வெளிச்சத்துக்குத் திருப்பி, என் கண்ணெதிரே ஒவ்வொரு ஓட்டையாகக் கம்பி விட்டான். காற்றடித்தான். பின்களை அளந்து நான்கு அளவையும் கார்டில் குறித்தான். அவன் எழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பது எனக்கு இன்றுதான் தெரியும்.

கார்டை என் பக்கம் திருப்பி வைத்தான்.

"நாலு ஹோலும் கிளீன். பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க."

போட்டேன்.