சுவரில் தைத்த வழி

புக்கிட் ரோத்தான்
14.9.2025

அன்புள்ள கெய்ட்லின் அப்பாவுக்கு,

மாடில்டா எழுதிக்கொண்டது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் மகளும் நலம். உங்கள் இனிப்பு நீர் வியாதி கட்டுக்குள் இருக்கிறது என்று விடுதியில் சொன்னார்கள், சந்தோஷம். பால் தேநீரை மட்டும் இன்னும் விடவில்லை என்றும் சொன்னார்கள். அதை நேரில் பேசிக்கொள்ளலாம்.

போனில் பேசினால் இரண்டு வார்த்தையில் வைத்துவிடுகிறீர்கள். குரல் பதிவு அனுப்பினால் பாதியிலேயே நிறுத்திவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம். விடுதியில் உங்களைப் பார்த்துக்கொள்ளும் புனிதன் தம்பி உட்கார்ந்து வாசிக்கும்போது நடுவில் எழுந்து போகிற மரியாதைக்கேடு உங்களிடம் கிடையாது. தம்பி, உங்களுக்கு என் வணக்கம். புருஷன் பெண்டாட்டி சமாச்சாரம் ஏதாவது வந்தால் வெட்கப்படாமல் வாசித்துவிடுங்கள்.

பார்வையில்லாமல் நடமாடப் பழகும் பயிற்சி இந்த மாதத்தோடு முடிகிறது, இனி வீட்டுக்குப் போகலாம் என்று அங்கே சொன்னார்களாம். நீங்களோ, பார்வை போனவனுக்கு விடுதிதான் சரி, கூடை பின்னிக்கொண்டு இங்கேயே இருந்துவிடுகிறேன் என்றீர்களாம். காரணம் எனக்குத் தெரியாதா? ஈஸ்டருக்கு வந்தபோது, என் அண்ணன் குடும்பம் மொத்தமும் ஹாலில் உட்கார்ந்திருக்க, குளியலறை என்று நினைத்து ஐஸ் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் போய் நின்றுவிட்டீர்கள். நான் ஓடி வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். அந்த இழுப்புதான் உங்களுக்குத் தாங்கவில்லை. தோட்டத்துச் சின்ன ரோட்டில் செம்பனைக் குலை லோரியைப் பின்பக்கமாகவே கோஸ்தான் எடுத்து ஓட்டிய மனிதருக்குச் சொந்த வீட்டில் வழி தெரியவில்லை என்றால் எப்படித் தாங்கும்?

இனி இந்த வீட்டில் யாரும் உங்கள் கையைப் பிடித்து இழுக்கக்கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

என்னிடம் இருப்பதெல்லாம் ஒட்டுத்துணிப் போர்வை தைக்கிற சாமான்கள்தான். சக்கரக் கத்தி, நீள அளவுகோல், துணியைக் கவ்விப் பிடிக்கும் கிளிப்புகள், பஞ்சுத் தகடு. போர்வைக்குச் செய்வதுபோலவே மேல்துணி, பஞ்சு, அடித்துணி என்று மூன்றடுக்கு வைத்து, கையகலத்தில் நீளமாக ஒரு பட்டை தைத்தேன். வாசலில் தொடங்கி ஹால், சமையலறை, குளியலறை என்று சுவரோடு போகும். அதன்மேல் கையை வைத்தபடியே நீங்களும் போய்விடலாம்.

இங்கேதான் உங்கள் மனைவியின் புத்திசாலித்தனத்தைக் கேட்க வேண்டும். சமையலறைக்கு மிளகாய்ச் சிவப்பு, குளியலறைக்கு நீலம், ஹாலுக்கு மஞ்சள் பூ என்று பார்த்துப் பார்த்துச் சேர்த்தேன். பக்கத்து வீட்டு லெட்சுமி அக்கா வந்து அசந்துபோனார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் சாயங்காலம் அடித்த மழையில் கரண்ட் போய் வீடு இருட்டானது. பட்டையைத் தடவினேன். எல்லாம் ஒரே காட்டன். சிவப்பும் நீலமும் கைக்கு ஒன்றுதானே! இத்தனை வருடம் நிறம் பார்த்தே தைத்த பழக்கத்தில், யாருக்காகத் தைக்கிறேன் என்பதையே மறந்திருக்கிறேன். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பிறகு எழுந்து முழுவதையும் பிரித்தேன்.

இரண்டாம் முறை கண்ணை மூடிக்கொண்டு கையால் துணி பார்த்தேன். ஹாலுக்கு வழவழவென்ற பாத்தேக் துணி. சமையலறைக்கு உங்கள் பழைய ஜீன்ஸ். குளியலறைக்குச் சொரசொரப்பான துண்டு. சமையலறைப் படி வருவதற்கு முன்னால் உங்கள் வேலைச் சட்டைப் பொத்தான்களை வரிசையாகத் தைத்திருக்கிறேன். விரலில் பொத்தான் பட்டால் அடுத்தது படி என்று அர்த்தம். படிமேலும் வழுக்காத ரப்பர் பாயைச் சக்கரக் கத்தியால் கச்சிதமாக வெட்டி ஒட்டியாயிற்று.

கெய்ட்லின் செரண்டா தொழிற்சாலையிலிருந்து லீவில் வந்திருந்தாள். பட்டையை எவ்வளவு உயரத்தில் வைப்பது, அப்பாவை அளந்து சொல்லச் சொல்லவா என்று கேட்டாள். எதற்கு அளக்க வேண்டும்? உங்கள் கால்சட்டை அத்தனையும் நான் தைத்தது. ஒன்றை எடுத்துக் கால் தரையில் படும்படி சுவரில் பிடித்தேன். பாக்கெட் வாய் வந்த இடத்தில் சாக்குக்கட்டியால் கோடு போட்டேன். உங்கள் கை வேறு எங்கே இருக்கப் போகிறது? பட்டையை மரச்சட்டத்தில் இழுத்து அடித்ததும் நான், சுவரில் துளை போட்டுச் சட்டத்தைத் திருகியதும் நான். ஆசாரி யாரும் வரவில்லை. சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமே இல்லை.

வேலை முடிந்ததும் லெட்சுமி அக்காவின் கண்ணைத் துப்பட்டாவால் கட்டி வாசலில் விட்டேன். தனியாகக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து கை கழுவிவிட்டு வந்தார். வந்தவர் கட்டை அவிழ்க்காமலே சொன்னார்: "மாடில்டா, கண்ணைத் திறந்துகிட்டு வந்தப்பவே அந்தப் படியில எத்தனையோ தடவை இடிச்சிருக்கேன் லா. இன்னிக்குத்தான் இடிக்கல." அன்று முழுக்க எனக்குச் சாப்பாடே தேவைப்படவில்லை.

படுக்கையறைக் கதவோரம் மட்டும் பாக்கி. அதற்கு வைத்திருந்த துணியில் பாதியைச் சுவரில் தைத்துவிட்டேன். மீதிப் பாதி இந்த உறைக்குள் இருக்கிறது. புனிதன் தம்பி, அதை எடுத்து அவர் கையில் கொடுங்கள். கொஞ்ச நேரம் வாசிக்காமல் இருங்கள்.

என்ன துணி என்று நான் எழுதப் போவதில்லை. இதையா வெட்டுகிறாய் என்று லெட்சுமி அக்கா பதறியதை மட்டும் சொல்கிறேன். சரிகை ஓரத்தில் ஓர் இழை வெளியே இழுத்திருக்கும். மாதா கோவிலில் எனக்கு மாலை போடும்போது உங்கள் கைக்கடிகாரம் மாட்டி இழுத்த இழை. அதை நான் இன்றுவரை வெட்டவில்லை.

முப்பதாம் தேதி கோலா சிலாங்கூர் பேருந்து நிலையத்தில் நிற்பேன். கையைப் பிடிக்க மாட்டேன், பக்கத்தில் நடந்து வருவேன். வீட்டு வாசலில் நீங்கள் முன்னால் போங்கள், நான் பின்னால் வருகிறேன்.

அன்னை மரியாள் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். சுவரில் இருக்கிற பாதிக்கு இன்னும் ஓரம் மடித்துத் தைக்கவில்லை. தைக்காத துணி நாளாக நாளாக நூல் பிரிந்துகொண்டே போகும். மற்றப் பாதியைச் சீக்கிரம் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
ஊசியில் நூல் கோத்து வைத்திருக்கும்
உங்கள் மாடில்டா